திரவியத்தின் பத்தாம் நம்பர் ஸ்பானர்

திரவியம் முதலில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. பானட்டைத் தூக்கிக் கம்பியால் முட்டுக்கொடுத்தாயிற்று. எஞ்சினின் மேல்மூடியில் வலது புறங்கையைப் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு, காய்ச்சல்காரன் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறவர் போலக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு, "தணுத்திருக்கு" என்று அறிவிப்பார். சூடான எஞ்சினில் தண்ணீர் பட்டால் இரும்பு விரிசல் விடும் என்பது அவருடைய முதல் விதி. விதியில் பிழை இல்லை. ஆனால் அந்த வண்டி கடைசியாக ஓடியது பதினெட்டு நாளைக்கு முன்னால்.

திருவனந்தபுரம் ஆரியசாலையில் மிளகாய் வத்தல், மல்லி மொத்த வியாபாரம் அவருக்கு. வயது ஐம்பத்தெட்டு. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த அப்பா போட்ட கடை. உள்ளே நுழைகிறவர் மூன்று தும்மல் போடாமல் வெளியே வந்ததாக வரலாறு இல்லை. தராசுத் தட்டு, காலண்டர், சாமி படம் எல்லாவற்றின் மேலும் சிவப்பாக ஒரு படலம். அதைத் தூசி என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "அது சரக்காக்கும் சிஸ்டரே" என்பார். தூசி என்ற சொல்லை அவர் காருக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறார்.

கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் அவர் வீடும் என் வீடும் எதிரெதிர். ஆஸ்பத்திரி வார்டுகளில் நர்ஸாக முப்பத்தொரு வருடம் நின்று முட்டு தேய்ந்துபோனதால், காலையில் ஜன்னலோரம் நாற்காலி போட்டுக் காலை நீட்டி மடக்கவேண்டும் என்பது எனக்கு எழுதித் தந்த வைத்தியம். ஜன்னலுக்கு நேரே அவருடைய முற்றம். பதினொரு வருடமாக அந்த வெள்ளை மாருதியின் வயிற்றுக்குள் எது எங்கே இருக்கிறது என்பது எனக்கும் பாடமாகிவிட்டது.

புறங்கைக்குப் பிறகு ஸ்பானர். காக்கிப் பையில் பதினான்கு கிடந்தாலும் அவர் கை போவது பத்தாம் நம்பருக்குத்தான். அதைக்கொண்டு பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுவார். கழற்றிய தலையைப் பழைய வேட்டிக் கிழிசலில் சுற்றி, பேட்டரியைத் திரும்பத் தொட்டுவிடாதபடி ஓரமாகச் சாய்ப்பார். சாய்த்துவிட்டுத் தெருவுக்குக் கேட்கும்படி ஒரு வாசகம்: "கரண்டும் வெள்ளமும் ஒரு வீட்டுல இருக்கப்பிடாது." அவர் வீட்டுக் குளியலறை சுவிட்ச் நாலு வருடமாக உடைந்து, உள்ளே ஒயர் தெரிகிறது. அவர் மனைவி சிவகாமியம்மாள் உலர்ந்த ஈர்க்குச்சியால் தள்ளித்தான் விளக்குப் போடுகிறாள்.

அடுத்து கவர். வியாபாரிகளுக்கு மாதிரி வத்தல் போட்டுக் கொடுக்கிற பிளாஸ்டிக் கவர்கள் ஏழு. பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்குவைக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒன்று, ஆல்டர்னேட்டருக்கு ஒன்று, காற்று இழுக்கிற குழாயின் வாய்க்கு ஒன்று. இப்படி ஏழு இடத்திலும் கவரை மாட்டி ரப்பர் பேண்டால் கட்டுவார். ஒரு தடவை காற்றுக் குழாயின் கவரை எடுக்க மறந்துபோய், வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. நான் வாய்தவறி ஒரு யோசனை சொன்னேன். ஆபரேஷன் தியேட்டரில் வயிற்றைத் தைக்கும் முன் உள்ளே வைத்த துணிகளை எண்ணி எடுப்போம், கணக்கு சரியாகாமல் ஊசியைத் தொடமாட்டோம் என்றேன். அன்றிலிருந்து கட்டும்போது ஒன்றிலிருந்து ஏழு வரை சத்தமாக எண்ணுகிறார், அவிழ்க்கும்போதும் எண்ணுகிறார். முடிந்ததும் என் ஜன்னலைப் பார்த்து, "ஏழும் ஆச்சு. தைக்கலாமா சிஸ்டரே?" என்று கேட்பார். நான் தலையாட்டினால்தான் பானட் மூடப்படும். முட்டுவலி அதிகமாகி நான் ஜன்னலுக்கு வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி வரை அது திறந்தே கிடந்ததாம்.

முன்பெல்லாம் மண்ணெண்ணெய் போட்டுத்தான் துடைப்பார். தீப்புண் வார்டில் நான் கண்டவற்றை ஒருநாள் காலை, அவர் புட்டு தின்றுகொண்டிருக்கும்போது, பத்து நிமிடம் விவரமாகச் சொன்னேன். புட்டு பாதியில் நின்றது. மண்ணெண்ணெயும் நின்றது. இப்போது பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்த அரை வாளித் தண்ணீர்தான். முதலில் காய்ந்த பிரஷால் மண்ணைத் தட்டுவார், பிறகு ஈரத்துணி, கடைசியில் குவளையால் ஓரங்களில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். குழாய் வைத்துப் பீய்ச்சுவது அவர் அகராதியில் கொலை. ஏழு வருடத்துக்கு முன் ஒரு சர்வீஸ் கடையில் எஞ்சினுக்குள் தண்ணீரைப் பீய்ச்ச வந்த ஆளிடமிருந்து குழாயைப் பிடுங்கி, "ஒம்ம மூஞ்சில இதே மாதிரி அடிச்சா மூச்சு முட்டாதாவே?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு வண்டி எந்தச் சர்வீஸ் கடையையும் பார்த்ததில்லை.

பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருப்பதை ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரால் தேய்ப்பதற்கு ஒரு பல் பிரஷ். கார்ப்பரேட்டர் இடுக்குக்கு இன்னொன்று. பெல்ட் பக்கத்துக்கு மூன்றாவது. இவை அந்த வீட்டு மனிதர்களின் வாயிலிருந்து ஓய்வு பெற்று வருபவை என்றுதான் பெயர். ஆனால் பல பிரஷ்கள் கட்டாய ஓய்வில் வந்தவை. மகள் அஞ்சு கல்யாணத்துக்கு முன் தன் பிரஷைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினாள்.

இவ்வளவு பாடுபட்டு அந்த வண்டி எங்கே போகும் என்று கேட்டால் பதில் சொல்லக் கஷ்டம். பெட்ரோல் பங்குக்குப் போகும். டயருக்குக் காற்றடிக்கப் போகும். மாதம் பிறந்தால் கிழக்கேகோட்டைக் கோவிலுக்கு, விடிந்ததும், பஸ்கள் தூசி கிளப்புவதற்கு முன் போய்த் திரும்பிவிடும். எல்லாம் சேர்த்து எஞ்சின் முழுதாகக் கண்விழிப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடும் தூரம்தான். பின்சீட்டில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் கால் வைத்து உட்காருவாள் சிவகாமியம்மாள். நாகர்கோவிலில் ஒரு கல்யாணம் என்றால் இரண்டு பேரும் தம்பானூரில் பஸ் ஏறுவார்கள். "அந்த ரோட்டுக்கு நம்ம வண்டி ஆகாது" என்பது காரணம். அந்த ரோட்டுக்கு அவருடைய மனைவியின் இடுப்பு ஆகும்.

வருகிறவர்களுக்கு வண்டியின் வெளிப்புறத்தை அவர் காட்டமாட்டார். நேராகப் பானட்டைத் தூக்குவார். அஞ்சுவின் வளைகாப்புக்கு நாகர்கோவிலிலிருந்து சம்பந்தி ராஜமணியம்மாள் வந்திருந்தாள். தலைப்பிரசவம் இங்கேதான் என்று பேச்சு வந்தபோது, திருவனந்தபுரத்து ரோட்டில் ஆட்டோவில் போனால் பிள்ளைத்தாய்ச்சி குலுங்குவாளே என்று அந்த அம்மாள் கவலைப்பட்டாள். திரவியம் எழுந்து நின்றுவிட்டார்.

"என் மவ ஆட்டோல ஏறமாட்டா. போகும்போதும் வரும்போதும் நம்ம வண்டிதான். வண்டி நிக்கது பின்ன எதுக்காக்கும்?"

"நிக்கதாச் சொல்லுதியளே அண்ணாச்சி" என்றாள் ராஜமணியம்மாள். "ஓடுமா?"

அவர் எல்லோரையும் முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பானட்டைத் தூக்கினார். ராஜமணியம்மாள் எட்டிப் பார்த்தாள். எங்கள் வீட்டு வெங்கலப் பானைகூட இப்படி மின்னாது என்று மனதாரப் பாராட்டினாள். திரும்பி நடக்கும்போது, மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, அதே கேள்வியை மெதுவாக இன்னொரு தடவை கேட்டாள். திரவியத்தின் காதில் விழுந்தது. அந்த வாரம் பிரஷ் மூன்று நாள் ஓடியது.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் பூஜைக்காலம். அஷ்டமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. இந்த ஊரில் அன்று சாயங்காலம் பூஜை வைப்பு. பிள்ளைகள் புத்தகத்தையும், தொழில் செய்கிறவர்கள் ஆயுதத்தையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்றிவிட்டால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை தொடக்கூடாது. வைத்ததை மட்டுமா, அந்த வேலையையே செய்யக்கூடாது. இரண்டு நாள் படிக்காமல் இருக்கப் பிள்ளைகளுக்குச் சாமி தருகிற அனுமதி என்பதால் இந்த வழக்கத்துக்கு ஊரில் எதிர்ப்பே இல்லை.

சாமி பார்க்கப்போகிற எஞ்சின் என்பதால் அன்று காலை ஏழுக்குத் தொடங்கிய வேலை மாலை நாலு வரை போயிற்று. கவர்களை எண்ணி அவிழ்த்தார். நானும் தலையாட்டினேன். ஒயரை மட்டும் மாட்டவில்லை. இடுக்குகளில் இன்னும் ஈரம் இருக்கிறது, நன்றாகக் காய்ந்தபிறகு ராத்திரி சாப்பிட்டுவிட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். அதுவும் அவருடைய விதிகளில் ஒன்று. அதுவும் சரியான விதிதான். ஆறு மணிக்குச் சிவகாமியம்மாள் பூஜைக்கு அழைத்தாள். அவர் குளித்து, திருநீறு பூசி, கடைத் தராசைக் கொண்டுவந்து வைத்தார். அஞ்சுவின் பி.எட். புத்தகங்களுக்குப் பக்கத்தில் காக்கிப் பையை வைத்தார். பத்தாம் நம்பர் ஸ்பானரைத் தனியே எடுத்துத் துடைத்து, வெள்ளித்தட்டில் வைத்துச் சந்தனம் தொட்டார். அதன் பக்கத்தில் வண்டிச் சாவி. ஜோடியாக இருக்கட்டும் என்று மாற்றுச் சாவியும். விளக்கேற்றியாயிற்று. ஆயுதமாகாத பல் பிரஷ் மட்டும் சட்டைப் பையிலேயே இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஒயர் ஞாபகம் வந்திருக்கிறது. கவரை எண்ணினோமே தவிர ஒயரை எண்ணவில்லை. எண்ணிக்கையில் சேராத துணிதான் வயிற்றுக்குள் தங்கும் என்பதை நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாள்தானே, வண்டி எங்கே போகப்போகிறது என்று அவர் தேற்றிக்கொண்டார். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

மறுநாள், நவமி, காலை ஒன்பதரைக்கு அஞ்சுவுக்குப் பனிக்குடம் உடைந்தது.

சிவகாமியம்மாள் கூப்பிட்டு நான் போனேன். எட்டு நிமிடத்துக்கு ஒரு வலி. வந்த நீர் தெளிவாக இருந்தது. குழந்தை அசைகிறது என்றாள் அஞ்சு. பதறுவதற்கு ஒன்றுமில்லை, உட்கார்ந்து பேசுவதற்கும் நேரமில்லை, உடனே கிளம்புங்கள் என்றேன். துணிமூட்டை தயாராக இருந்தது. ஆஸ்பத்திரி தம்பானூருக்கு அந்தப்பக்கம், வண்டியில் கால் மணி நேரம்.

திரவியம் முற்றத்தில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கழன்ற ஒயர் வேட்டிக் கிழிசலைப் போர்த்திக்கொண்டு சுகமாகப் படுத்திருந்தது. அவர் அதை எடுத்துக் கையாலேயே பேட்டரி முனையில் வைத்து அழுத்திப் பார்த்தார். உட்கார்ந்தது. நிமிர்ந்து சாவிக்காகச் சட்டைப் பையைத் தடவினார். பிரஷ்தான் இருந்தது.

வாசலில் சிவகாமியம்மாள் நின்றாள். "இஞ்சேருங்க, பூசைல வச்சத எடுக்கப்பிடாது."

"வண்டியிலதான் கொண்டுபோவேன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சுட்டீ."

"ஊருக்கா வலி எடுக்குது? அவளுக்கில்லா எடுக்குது. ஒரு ஆட்டோ விளியுங்க."

ஆட்டோ என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. ஆபத்துக்குத் தோஷமில்லை என்று தொடங்கினார். சிவகாமியம்மாள் தடுக்கவில்லை. "எடுக்கணும்னா எடுங்க. பொறக்கப்போற பிள்ளைக்குப் படிப்பு ஏறல்லன்னா நீங்கதான் ஜவாப்பு" என்று மட்டும் சொன்னாள். அவர் பூஜை அறைக்குள் போனார். வெள்ளித்தட்டின் மேல் கைநீட்டினார். சந்தனப்பொட்டு வைத்த ஸ்பானர் பிச்சிப்பூவுக்கு அடியில் படுத்திருந்தது. நீட்டிய கை கும்பிட்டுக்கொண்டு திரும்பிவிட்டது. கோவிலில் பூஜை செய்கிற போற்றியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனைச் சுழற்றினார். போற்றி கோவிலில் இருக்கிறார், மதியம் நடையடைத்துத்தான் வருவார் என்று அந்த வீட்டுப் பெண் சொன்னாள்.

அஞ்சு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு வலியைக் கடந்து நிமிர்ந்தாள். "நீங்க ரெண்டு பேரும் தீர்மானிச்சுச் சொல்லுங்கப்பா. அதுவரைக்கும் நான் அடக்கி வச்சிருக்கேன்."

நான் அதற்குள் சந்து முனைக்குப் போய்க் கையைத் தட்டியிருந்தேன். ஸ்டாண்டில் முதலில் நின்ற ஆட்டோ சுதீஷுடையது. முன்கண்ணாடிக்கு மேல் செவ்வந்தி மாலை. அதற்குக் கீழே எல்லாம் அழுக்கு. பின்னால் எஞ்சின் இருக்கும் இடத்தில் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து கருப்பு அல்வாவாக அப்பியிருந்தது. முற்றத்தில் பானட் திறந்து நின்ற மாருதியை அவன் எட்டிப் பார்த்து, "இது எந்தா அங்கிளே, பூஜைமுறியா?" என்று கேட்டான். பூஜை அறையா என்று உண்மையாகவே கேட்டான் என்று நினைக்கிறேன்.

அஞ்சுவை நடுவில் வைத்து நானும் சிவகாமியம்மாளும் ஏறினோம். திரவியம் சுதீஷின் சீட்டில் ஒரு தொடைக்கு இடம் பிடித்துத் தொற்றிக்கொண்டார். ஒவ்வொரு குழி வரும்போதும் திரும்பி, "மக்ளே, ஒரு குழி" என்று மகளிடம் மன்னிப்புக் கேட்டார். எல்லாக் குழியும் அவர் வெட்டிவைத்தவை போல. சுதீஷுக்கு அவர் கியர் சொல்லிக்கொடுத்ததை அவன் பொறுத்துக்கொண்டான். பதினான்கு நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை.

பன்னிரண்டு நாற்பதுக்குப் பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. தகவல் சொல்ல நான் வெளியே வந்து வராந்தா, கேன்டீன், மருந்துக்கடை எல்லாம் தேடினேன். ஆளைக் காணோம். ஆட்டோ ஸ்டாண்டு பக்கம் நாலு டிரைவர்கள் கூட்டமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் திரவியம், வேட்டியை மடித்துக் கட்டி, சுதீஷின் ஆட்டோவுக்குப் பின்னால் குத்தவைத்து, பல் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தொடண்டாம் அங்கிளே" என்று சுதீஷ் கெஞ்சிக்கொண்டிருந்தான். "அந்த அழுக்குலயாக்கும் இவன் ஓடுது. அது போனா இவனும் போவான்."

நான் விவரம் சொன்னேன். அவர் எழுந்து நின்றார். பிரஷைச் சட்டைப் பையில் வைத்தார். கண் கலங்கியிருந்தது, எண்ணெய்க் கையால் துடைக்கப் போனவரை நான் தடுத்தேன்.

"பொறந்த ஒடன அழுதாளா சிஸ்டரே?"

உடனே அழுதாள் என்றேன்.

அவர் சுதீஷின் பக்கம் திரும்பினார். "ஒரே அடியில ஸ்டார்ட்" என்றார்.

முழங்கை வரை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவ வைத்தபிறகுதான் குழந்தையைப் பார்க்க விட்டேன். நகக்கண்ணை அவரே பிரஷால் தேய்த்துக்கொள்ள முயன்றார். எந்தப் பிரஷ் என்று கேட்டு அதையும் வாங்கிவைத்துக்கொண்டேன்.

விஜயதசமி காலை ஆறு மணிக்குப் பூஜை எடுத்தாயிற்று. ஆறு ஐந்துக்கு ஸ்பானர் முற்றத்தில். ஒயரை மாட்டி முறுக்கிவிட்டு என் ஜன்னலைப் பார்த்து எட்டு விரலைக் காட்டினார். இனிமேல் ஒயரும் கணக்கில் உண்டு என்று அர்த்தம். வண்டி தயாராகிவிட்டது, ஆனாலும் அடுத்த மூன்று நாளும் அவர் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில்தான் போய்வந்தார். போகும்போதுதான் வாக்குத் தவறிவிட்டது; வரும்போதாவது நம்ம வண்டியில் கொண்டுவர வேண்டும், அதற்காக வண்டியை வைத்திருக்கிறேன் என்றார். எதையோ சேமிப்பது போலத்தான் பேசினார். வெள்ளிக்கிழமை மதியம் டிஸ்சார்ஜ். ராஜமணியம்மாள் பேத்தியைப் பார்க்க நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறி நேரே வீட்டுக்கு வருவதாகப் போன் வந்தது. அன்று காலை, வெள்ளிக்கிழமையாக இருந்தும், எஞ்சின் ஒரு தடவை துடைக்கப்பட்டது.

இரண்டு மணிக்கு வானம் கருத்தது. ஆஸ்பத்திரியில் எல்லாக் கையெழுத்தும் முடிந்து நாங்கள் கிளம்பும்போது மூன்றரை. ஐப்பசி மாதத் துலாமழை கொட்டத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நான் முன்சீட்டில். பின்னால் அஞ்சு, மடியில் குழந்தை, பக்கத்தில் சிவகாமியம்மாள். அவள் காலடியில் செய்தித்தாள் இல்லாததை நான் கவனித்தேன்; அவர் கவனிக்கவில்லை.

அரை மணி நேர மழைக்கே தம்பானூர் குளமாகும். அன்று ஏரி. ஸ்டேஷனுக்கு எதிரே பஸ்கள் அலை எழுப்பிக்கொண்டு போயின. ஆட்டோக்களின் பாதிச் சக்கரம் தெரியவில்லை. சாக்கடைத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் ஒன்றாகி, டீ நிறத்தில், மேலே வாழைத்தோலும் செருப்பும் மிதந்து வந்தன. திரவியம் தண்ணீரின் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டார். வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அந்த நீரைப் பார்த்தார். இந்தத் தண்ணீர் அவருடைய எஞ்சினுக்குள் எங்கெங்கே போகும் என்று அவரைத் தவிர இந்த ஊரில் யாருக்கும் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது.

பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது.

"திருப்பிச் சுத்திப் போலாமா?" என்று அவர் யாரிடமோ கேட்டார். சுற்றிப் போனால் இன்னும் முக்கால் மணி நேரம். அந்தப் பக்கமும் தண்ணீர்தான் என்று எதிரே வந்த ஆட்டோக்காரன் கத்திவிட்டுப் போனான். பிறந்து நாலு நாள் ஆன குழந்தையை ஈரக்காற்றில் ரோட்டில் வைத்துக்கொண்டிருப்பது சரியில்லை என்றேன். அஞ்சு குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு அப்பாவின் பின்கழுத்தைப் பார்த்தாள்.

"ஆட்டோ விளிக்கட்டா?" என்றாள் சிவகாமியம்மாள். குரலில் கிண்டல் இல்லை. அதுதான் அவரைச் சுட்டிருக்க வேண்டும்.

அவர் என் எதிரில் இருந்த டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து இரண்டு வத்தல் கவர்களை எடுத்தார். மழையில் இறங்கிப் பானட்டைத் தூக்கினார். டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒன்றை மாட்டி ரப்பர் பேண்டால் கட்டினார். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு காற்றுக் குழாயின் வாயையும், பானட்டுக்குப் பக்கவாட்டில் தலையை நீட்டி என்னையும் பார்த்தார். ஓடுகிற எஞ்சினுக்கு மூச்சு வேண்டும். நான் வேண்டாமென்று தலையசைத்தேன். அதைப் பையில் போட்டுக்கொண்டார். பஸ்காரன் விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்ததால் புறங்கை வைக்க நேரம் இருக்கவில்லை. ஏறி உட்கார்ந்து, "ஒண்ணு" என்று எண்ணிக்கொண்டார்.

முதல் கியர். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல், வேகத்தைக் கூட்டாமல், குறைக்காமல் ஓட்டினார். முன்னால் அலை இரண்டாகப் பிரிந்தது. கதவின் அடிவழியாகத் தண்ணீர் உள்ளே வந்து என் செருப்பை நனைத்தது. எதிரே ஒரு பஸ் கடந்தபோது டீ நிறத் தண்ணீர் பானட்டின் மேலேயே ஏறி விழுந்தது. திரவியத்தின் தாடை அசைந்தது, கால் அசையவில்லை. நடுவழியில் நின்றுபோன இரண்டு கார்களையும், தள்ளிக்கொண்டு போன ஒரு ஸ்கூட்டரையும் தாண்டினோம். மறுகரை ஏறியபோது பின்சீட்டில் குழந்தை தூங்கிவிட்டிருந்தது. அங்கிருந்து வீட்டுக்கு எப்போதும் ஏழு நிமிடம். அன்று நெரிசலில் நாற்பது நிமிடம் ஊர்ந்தோம்.

சந்துக்குள் நுழைந்தபோது வெள்ளை மாருதி காபி நிறத்தில் இருந்தது. ராஜமணியம்மாள் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். வண்டியைப் பார்த்தாள். வண்டிக்குள்ளிருந்து இறங்கிய மருமகளைப் பார்த்தாள். "ஓடியிருக்கே" என்று சொன்னாளே தவிர, யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. ஆரத்தி சுற்றினார்கள். பொட்டு வைத்தார்கள். குழந்தையின் மூக்கு யாருடையது என்ற வழக்கு வாசலிலேயே தொடங்கிவிட்டது.

திரவியம் முற்றத்தில் இருந்தார். உள்ளே மாட்டியிருந்த ஒரு கவரை எடுக்கவேண்டுமே. பானட்டைத் தூக்கினார். பதினொரு வருடம் துடைத்த இடமெல்லாம் சேறு வழிந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு வாழை நார்கூடச் சிக்கியிருந்தது. ஆவி எழும்பியது. அவர் கவரை அவிழ்த்தார். பிறகு பழக்கத்தில் வலது புறங்கை தானாகப் போய் மேல்மூடியில் உட்கார்ந்தது.

கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். பதினொரு வருடத்தில் அது அந்தக் கையைச் சுட்டது அதுதான் முதல் தடவை. நான் வாசலிலிருந்தே பார்த்தேன். விரல் முட்டிகளுக்கு மேலே நீளமாகச் சிவந்திருந்தது. குழாயடியில் போய் இருபது நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கையைக் காட்டுங்கள், எண்ணெய் கிண்ணெய் எதுவும் தடவக்கூடாது என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினார். குழாய்ப் பக்கம் இரண்டு அடி வைத்தார். நின்றார். எல்லோரும் குழந்தையின் மூக்கில் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்து உறுதிசெய்துகொண்டார்.

பிறகு இடது புறங்கையை வைத்துப் பார்த்தார்.